மூணே முக்கால் வட்டி

நம் ஊரில் வங்கிக்கு வெளியே யாரும் வட்டியை ஆண்டுக் கணக்கில் பேசுவதில்லை. ‘நூத்துக்கு ரெண்டு’, ‘மூணு வட்டி’, ‘அஞ்சு வட்டி’ என்று மாதக் கணக்குதான். ரெண்டு வட்டி என்றால் தெரிந்த மனிதர் கொடுத்தது. மூணு வட்டி என்றால் ஏதோ அவசரம். அஞ்சு என்று சொன்னால் ‘அங்கே ஏன் போனே?’ என்று கேட்பார்கள். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கிரெடிட் கார்டின் கட்டண அட்டவணையைப் பிரித்தால், இந்தியாவில் புழங்கும் பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு 3.5 முதல் 3.75 விழுக்காடு என்று இருக்கும். மூணே முக்கால் வட்டி, ஆண்டுக்கு 45. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. இரண்டையும் சேர்த்தால் மாதம் நாலரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

முதல் சம்பளம் ஏறிய மாதமே ‘லைஃப்டைம் ஃப்ரீ சார், ப்ரீ அப்ரூவ்டு’ என்று அழைப்பவர் இதைச் சொல்வதில்லை. அவர் ‘ஃப்ரீ’ என்பது ஆண்டுக் கட்டணத்தை. அந்த அளவில் அது பொய்யும் இல்லை. 2024 தொடக்கத்தில் நாட்டில் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அத்தனை பேரும் ஏமாந்தவர்கள் என்று சொன்னால் அது விமர்சனம் ஆகாது, எரிச்சல்தான்.

மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் சம்பளத்தில் தொடங்கும் ஒருவர் கார்டு வாங்கலாமா? வாங்கினால் எதை, எந்த நிபந்தனையில்? வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ‘கடன்னாலே வேணாம்ப்பா.’ யூடியூபில் இன்னொன்று இருக்கிறது: ‘ஸ்மார்ட்டா யூஸ் பண்ணா பேங்க்தான் நமக்குக் காசு தரும்.’ இரண்டையும் எண்களில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், கார்டு என்பதே கந்துவட்டிதான் என்ற குற்றச்சாட்டு. அது பாதி உண்மை. ஸ்டேட்மென்ட் மாதம் 5-ம் தேதி வருகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். 6-ம் தேதி வாங்கிய பொருளுக்கு அடுத்த மாதம் 25 வரை, ஏறக்குறைய ஐம்பது நாள் வட்டி கிடையாது. 4-ம் தேதி வாங்கியதற்கு இருபது நாள்தான். எதுவானாலும் பில் தொகை முழுவதையும் அந்தத் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி பூஜ்யம். இப்படிக் கடன் கொடுக்கும் தண்டல்காரர் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. குற்றச்சாட்டின் மற்ற பாதி, முழுத்தொகையைக் கட்டாத மாதத்தில் தொடங்குகிறது. ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்தாலும் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடும். பாக்கிக்கு, பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி. அடுத்த மாதம் புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய அன்றே வட்டி. முழு பாக்கியும் தீரும்வரை இப்படியே ஓடும்.

இந்த வழிக்கு ஆளை அழைத்துப்போவது ஸ்டேட்மென்டிலேயே அச்சாகும் ஒரு வரிதான்: மினிமம் டியூ. இதன் கணக்கு வங்கிக்கு வங்கி மாறும். பாக்கியில் 5 விழுக்காடு என்பது பலகாலம் புழங்கிய சூத்திரம். 40,000 ரூபாய் பாக்கிக்கு மினிமம் டியூ 2,000. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, வங்கியிலிருந்து அழைப்பு இல்லை, சிபிலில் கறுப்புப் புள்ளி இல்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்று தோன்றும். மீதி 38,000-க்கு ஒரு மாத வட்டி 1,425, அதற்கு ஜிஎஸ்டி 256. ஆக அடுத்த மாதப் பாக்கி 39,681. இரண்டாயிரம் கட்டிக் கடனில் குறைந்தது 319 ரூபாய். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் ஓராண்டு இப்படியே 5 விழுக்காடு கட்டிவந்தால், கையைவிட்டுப் போவது சுமார் 23,000. பாக்கி இன்னும் 36,000-க்கு மேல். வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படும் முதல் மாத வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. மினிமம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்டிலேயே அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்சிடுகிறார்கள். எந்த அளவு எழுத்தில் என்பதைக் கார்டு வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக இதே கார்டு ஒருவருக்கு வட்டியில்லாக் கடன், இன்னொருவருக்கு நாலரை வட்டி. இருவருக்கும் நடுவே இருப்பது சம்பளமோ படிப்போ அல்ல. ‘டோட்டல் டியூ’, ‘மினிமம் டியூ’ என்ற இரண்டு வரிகளில் எதைக் கட்டுகிறார் என்பது மட்டுமே. இதை மனதில் வைத்துக்கொண்டு, கார்டு வாங்கச் சொல்பவர்கள் அடுக்கும் மூன்று காரணங்களைப் பார்க்கலாம்: ஸ்கோர், ரிவார்டு, அவசரம்.

ஸ்கோர்தான் மூன்றில் கனமானது. வீட்டுக்கடன், வாகனக்கடன் என்று போகும்போது வங்கி முதலில் பார்ப்பது 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண்ணைத்தான். 750-க்கு மேல் இருந்தால் பேச்சு எளிது. கடனே வாங்காதவருக்கு எண்ணே கிடையாது. ஒழுங்காகக் கட்டப்படும் கார்டு, காசு செலவில்லாமல் மாதந்தோறும் ஒரு நல்ல பதிவைச் சேர்க்கும். இதெல்லாம் சரி. ஆனால் ‘கார்டு இல்லாட்டி நாளைக்கு லோனே கிடைக்காது’ என்று மிரட்டுவது மிகை. முதன்முறை கடன் கேட்பவரைப் பழைய பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் என்று எதையும் அது விதிக்கவில்லை என்பதை 2025-ல் நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்திலும் தெளிவுபடுத்தியது.

இதைவிட முக்கியமான ஒன்றை நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. பொறியியல் படிக்கக் கல்விக்கடன் வாங்கியிருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே கடன் வரலாறு உண்டு. அந்தக் கடனில் முதன்மைக் கடனாளி மாணவர்தான். அப்பா உடன் கையெழுத்துப் போட்டவர். படிப்பு முடிந்து, கட்டத் தொடங்க வேண்டிய காலத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது தவணை தவறியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும். கடையில் தவணைக்கு வாங்கிய போன், உங்கள் பெயரில் வைத்த நகைக்கடன் ஆகியவையும் அப்படியே. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கார்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன் செய்ய வேண்டியது அதை எடுத்துப் பார்ப்பது. பழைய கல்விக்கடன் பாக்கி இருந்தால் முதல் வேலை அதைச் சரிசெய்வது. புதுக் கார்டால் அந்தக் கறையைத் துடைக்க முடியாது. அறிக்கையைப் பார்க்காமல் ஒரே மாதத்தில் நாலு வங்கியில் விண்ணப்பித்து நாலிலும் நிராகரிக்கப்பட்டவர்கள், அந்த நாலு விசாரணைகளையும் தங்கள் பதிவில் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

ரிவார்டு விஷயத்தில் கணக்கு இன்னும் சிறியது. மாதம் 20,000 கார்டில் செலவு செய்பவருக்கு, செலவு முழுவதற்கும் 1 விழுக்காடு கிடைத்தால் ஆண்டுக்கு 2,400. வாடகை, பெட்ரோல், வாலெட் என்று பல செலவுகளுக்குப் பாயிண்ட் கிடையாது என்பதால் நடைமுறையில் இதற்கும் கீழே. கட்ட வேண்டிய பணம் சேமிப்புக் கணக்கில் சில வாரம் கூடுதலாகத் தங்குவதால் வரும் வட்டி, ஆண்டு முழுவதற்கும் ஓர் அறுநூறு எழுநூறு. ஆக மொத்தம் மூவாயிரம் ரூபாய்க்குள். இப்போது தட்டின் மறுபக்கம். 20,000 பில்லை ஒரு மாதம் மறந்துவிட்டால் தாமதக் கட்டணம் பல வங்கிகளில் 700-க்கும் 1,000-க்கும் இடையில், அதற்கு ஜிஎஸ்டி. வாங்கிய நாள்களிலிருந்து சராசரி 45 நாள் வட்டி என்றால் 1,100 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி. கூட்டினால் 2,400-ஐ ஒட்டி வருகிறது. ஓராண்டுப் பாயிண்டுகளை ஒரு மாத மறதி தின்றுவிடுகிறது.

மறக்காதவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. கார்டில் கட்டும்போது மனிதர்கள் கூடுதலாகச் செலவு செய்கிறார்கள் என்பதற்கு எடுத்துக்காட்டாக, எம்ஐடியில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டபோது, கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு கேட்டார்கள். அமெரிக்க மாணவர்கள், டிக்கெட் ஏலம். அதை அப்படியே நம் மேல் ஒட்ட முடியாது. நோட்டை எண்ணிக் கொடுக்கும் தயக்கத்தை இங்கே யூபிஐ ஏற்கெனவே அழித்துவிட்டது. ஆனாலும் யூபிஐயில் கணக்கு காலியானால் செலவு நின்றுவிடும். கார்டில் அந்தச் சுவர் லிமிட்டுக்கு அப்பால் தள்ளிப்போய் நிற்கிறது. மாதம் 20,000 செலவு 21,000 ஆனால் போதும், 200 ரூபாய் பாயிண்டுக்காக ஆயிரம் கூடுதலாகப் போயிருக்கும். முதல் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது ரிவார்டைக் கணக்கிலேயே எடுக்க வேண்டியதில்லை. ஏர்போர்ட் லவுஞ்சைப் பற்றி நான் பேசப்போவதும் இல்லை.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வட்டியே இல்லாத தவணை என்ற ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி இத்தகைய திட்டங்களைக் கண்டித்தது. இப்போது நடப்பது, வட்டியைத் தள்ளுபடியாக விலையில் கழித்துக்கொண்டு, பிறகு வங்கி அதை வட்டியாகவே வசூலிப்பது. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதுவும். நேராகக் காசு கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டால் உண்மையான விலை தெரிந்துவிடும். கார்டை நீட்டினால் ‘ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்’ என்று சொல்லும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளும் நகைக்கடைகளும் இந்தக் கணக்கின் இன்னொரு பாகத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. வங்கி தரும் பாயிண்டுகளின் ஒரு பகுதி, கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்தும் மினிமம் டியூ கட்டிக்கொண்டிருப்பவரின் வட்டியிலிருந்தும் வருகிறது. முழுத்தொகை கட்டும் கெட்டிக்காரரின் கேஷ்பேக்குக்கு எங்கோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். யூடியூப் ஆலோசகர்கள் இந்த இடத்தில் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது காரணம் அவசரம். இதுதான் மூன்றில் மோசமானது, கேட்க நியாயமாக இருப்பதாலேயே. அவசரத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ரொக்கம். கார்டைக் கொண்டுபோய் ஏடிஎம்மில் 10,000 எடுத்தால், பல வங்கிகளில் 2.5 விழுக்காடு அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது கட்டணம். வட்டியில்லாக் காலம் ஒருநாள்கூட இல்லை. ஒரு மாதம் கழித்துத் திருப்பினால் கட்டணம், வட்டி, இரண்டுக்கும் ஜிஎஸ்டி எல்லாமாக ஆயிரத்துக்கு மேல். அது பத்து வட்டி. ஊரில் பத்து வட்டிக்கு வாங்கியவரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். அதே நேரம் பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் ஆண்டுக்கு 9, 10 விழுக்காடு அளவில் கிடைக்கிறது. மாதக் கணக்கில் ஒரு வட்டிக்கும் கீழே. எல்லா வீட்டிலும் நகை இல்லை, இருப்பது பெரும்பாலும் அம்மாவுடையது, அதைக் கேட்பது எளிதும் இல்லை. ஆனால் விலை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் தனியார் மருத்துவமனை அட்வான்ஸ் கேட்கும்போது கார்டு உதவும். வங்கி திறக்கும்வரை, காப்பீடு ஒப்புதல் வரும்வரை அது பாலம். அடுத்த டியூ டேட்டுக்குள் நகைக்கடனோ காப்பீட்டுப் பணமோ வந்து அந்த இடத்தை நிரப்பும் என்றால் நல்ல பாலம். நிரப்ப வேறொன்றும் இல்லையென்றால், நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகும் அந்த ராத்திரி மாதாமாதம் பில்லாக வந்துகொண்டிருக்கும்.

விற்பவர்கள் சொல்லாத நாலாவது காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது ரிவார்டைவிடப் பெரிதாகப் படுகிறது. டெபிட் கார்டு விவரம் திருடப்பட்டால் போவது உங்கள் சம்பளப் பணம். வழக்கு முடியும்வரை வாடகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டில் போவது முதலில் வங்கியின் பணம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு உச்சவரம்பு 10,000. வங்கி பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாகத் தொகையைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். விதி டெபிட் கார்டுக்கும் இதேதான். காத்திருக்கும் பத்து நாளில் யார் பையில் ஓட்டை என்பதில்தான் வேறுபாடு. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால் இந்தப் பாதுகாப்பு அறவே கிடையாது. தெரிவிக்கும்வரை போனதெல்லாம் உங்கள் கணக்கு.

இனி, இந்த ஆட்டத்தை நடத்தும் நடுவர். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிமுறைத் தொகுப்பு, பல இடங்களில் வாடிக்கையாளர் பக்கம் உறுதியாக நிற்கிறது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்புவதோடு அதன் இருமடங்கை அபராதமாகவும் தர வேண்டும். 30 நாளுக்கு மேல் கார்டைச் செயல்படுத்தாமல் இருந்தால் உங்கள் ஒப்புதலை ஓடிபி மூலம் பெற வேண்டும். பெறாவிட்டால் கட்டணமில்லாமல் மூட வேண்டும். கேட்காமல் லிமிட் ஏற்றக் கூடாது. டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதம் என்று பதிவு செய்யலாம், தாமதக் கட்டணம் போடலாம். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. எழுத்தில் இவை நல்ல விதிகள்.

வட்டி விகிதத்துக்கு வந்தால் அதே தொகுப்பு மென்மையாகிவிடுகிறது. வட்டி நியாயப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை விழுக்காடு நியாயம் என்று சொல்வதில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுக்குப் பின், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வட்டியை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலை இல்லை, அது ரிசர்வ் வங்கியின் களம் என்பதே அதன் சாரம். வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கணக்கை நீதிமன்றம் மீண்டும் திறக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும் சொல்கிறது. தமிழ்நாட்டின் 2003 சட்டம் கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தண்டலையும் பெயர் சொல்லித் தடை செய்கிறது. வங்கிக் கார்டின் நாலரை வட்டியை அது தொடாது. சட்டப்படி இதில் பிழை இல்லை. ஆனால் முதல் கார்டு வாங்குபவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: விகிதத்தைக் குறைத்து உங்களைக் காப்பாற்ற யாரும் வரப்போவதில்லை. காப்பாற்றக்கூடியது உங்கள் லிமிட் மட்டும்.

அதனால்தான் ‘ப்ரீ அப்ரூவ்டு’ கார்டை நான் முதல் கார்டாக ஏற்கவில்லை. சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு லிமிட் கொடுத்து ‘உங்கள் மேல் நம்பிக்கை’ என்கிறார்கள். முதல் சம்பளக்காரர் அந்த எண்ணைத் தன் தகுதியாகப் படிப்பார். மாற்று, எஃப்டி மேல் வரும் கார்டு. இருபது, இருபத்தைந்தாயிரம் ரூபாயை வைப்புநிதியாகப் போட்டால் அதில் 75 முதல் 100 விழுக்காடு வரை லிமிட் கிடைக்கும். எஃப்டிக்கு வழக்கமான வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சம்பளச் சீட்டு கேட்பதில்லை, பழைய பதிவும் பெரும்பாலும் தேவையில்லை. இதற்கும் ஆண்டுக் கட்டணமில்லாத வகைகள் உண்டு.

இதன் மேல் மூன்று எதிர்வாதங்கள் சொல்லலாம். கையில் காசை வைத்துக்கொண்டு எதற்குக் கடன் என்பது முதலாவது. நியாயமான கேள்விதான். இங்கே நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, ஒழுங்காகக் கட்டினார் என்ற பதிவை. அதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. எஃப்டி காப்பாற்றுவது வங்கியைத்தானே என்பது இரண்டாவது. ஆம். கட்டாவிட்டால் எஃப்டியை எடுத்துக்கொள்வார்கள், பதிவும் கெடும், பல எஃப்டி கார்டுகளில் வட்டி விகிதமும் குறைவில்லை. ஆனால் விழக்கூடிய பள்ளத்தின் ஆழம் இருபதாயிரம்தான் என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. ஒன்றரை லட்சம் லிமிட்டில் அது முடிவாவதில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் கூர்மையானது. லிமிட்டில் 30 விழுக்காட்டுக்குள் பயன்படுத்தினால்தான் ஸ்கோருக்கு நல்லது என்கிறார்கள். 20,000 லிமிட்டில் அது வெறும் 6,000. சிறிய லிமிட் ஒழுக்கத்துக்கு நல்லது, ஸ்கோருக்குக் கெட்டது என்ற முரண் இங்கே வருகிறது. 30 என்பது பொதுவாகச் சொல்லப்படும் வழிகாட்டுதல், சட்டம் இல்லை. இருந்தாலும் முரண் உண்மைதான். தீர்வு, முதல் ஆண்டு கார்டை எல்லாவற்றுக்கும் நீட்டாமல் இருப்பது. போன் ரீசார்ஜ், இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் ஈபி பில், ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்: எப்படியும் செலவாகப்போகிற, தொகை முன்பே தெரிந்த மூன்று நாலு செலவுகள். ஒரு மாதம் கூடிப்போனால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். பதிவுக்குப் போகும் எண் அதற்குத் தக்கபடி குறையும்.

ரூபே கார்டை யூபிஐயில் இணைக்கும் வசதி 2022-ல் வந்தது. டீக்கடை க்யூஆர் கோடுவரை கடன் போய்ச் சேர்ந்த நாள் அது. சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரை கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் கடைக்காரருக்கு நட்டமில்லை. அனுபவமுள்ளவருக்கு இது வசதி. முதல் ஆண்டில் மட்டும் வேண்டாம் என்பேன். பதினைந்து ரூபாய் டீயும் பில்லில் ஏறும்போது ஸ்டேட்மென்ட் மூன்று பக்கம் ஆகும். மூன்று பக்க ஸ்டேட்மென்டை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. போடாத செலவு ஒன்று அதில் ஒளிந்திருந்தால் அந்த மூன்று வேலை நாளும் ஓடிவிடும்.

ஆக, தீர்ப்பு இப்படி வருகிறது. மாதச் சம்பளம் நாள் தவறாமல் வருபவர், பழைய கடனில் பாக்கி இல்லாதவர், எஃப்டி போடக்கூடிய அளவுக்கு ஒதுக்கி வைத்தவர், ஆண்டுக் கட்டணமில்லாத ஒரு எஃப்டி கார்டை வாங்கலாம். வாங்கிய அன்றே ஆட்டோ டெபிட் படிவத்தில் ‘டோட்டல் டியூ’ என்று குறிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ‘மினிமம் டியூ’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டு ஆட்டோ பே வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். டியூ டேட் சம்பளத்துக்கு அடுத்த வாரத்தில் விழ வேண்டும். மாதக் கடைசியில் 27, 28 என்று விழுந்தால் பில்லிங் தேதியை மாற்றிக் கேட்கலாம். அந்த உரிமையை விதிமுறை தருகிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைப்பதும், நண்பர் ஆஃபரில் போன் வாங்கக் கேட்டால் கார்டைக் கொடுக்காமல் இருப்பதும் இதோடு சேரும். அவர் தவணை தவறினால் கெடுவது உங்கள் பெயர்.

இந்த நிபந்தனைகளில் முழுத்தொகை ஆட்டோ டெபிட் என்ற ஒன்றை ஏற்க முடியாதவர் கார்டே வாங்க வேண்டாம். ‘சில மாசம் டைட்டா இருக்கும்’ என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதுதான் பதில். டெலிவரி வேலை, ஃப்ரீலான்ஸ் என்று வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களுக்கு முதல் தேவை மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு. பதிவு பிறகு வரட்டும். லோன் ஆப்களில் ஏற்கெனவே சிக்கியவருக்கு இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே போதும்.

மினிமம் டியூவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்குத் தீர்ப்பு வேறு. அதே 40,000-ஐ 10 விழுக்காடு நகைக்கடனில் எடுத்து ஒரே தவணையில் கார்டைத் தீர்த்தால் ஓராண்டு வட்டி 4,000. கார்டில் அதே ஓராண்டில் போவது 19,000-க்கு மேல். நகை இல்லையென்றால் பெர்சனல் லோன்கூடக் கார்டைவிட மலிவு. தீர்த்த அன்றே கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் காலியான லிமிட் மறுபடி நிரம்பும். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022 விதி. ‘ரீடென்ஷன் டீமிலிருந்து பேசறோம் சார், லிமிட்டை டபுள் பண்ணித் தர்றோம்’ என்று அழைத்தால், கோரிக்கை கொடுத்த தேதியை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.